ராமானுஜனின் உழைப்பு

1887-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் ஸ்ரீநிவாஸ ராமானுஜன் பிறந்தார். கும்பகோணம் அவரை வளர்த்தது. கேம்பிரிட்ஜ் அவரை உலகுக்குக் காட்டியது. எனினும் கொங்கு நாட்டார் அவரைத் தம் மண்ணின் பிள்ளையென்று உரிமை பாராட்டுவது நியாயமே. ஆனால் அவ்வாறு பாராட்டுவோரிற் பலர், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினாள் என்ற கதையோடு நின்றுவிடுகின்றனர். அத்தாயாரிடம் அவருக்கிருந்த பக்தி மெய்யானது, அதை மறுப்பாரில்லை. ஆயினும் எல்லாம் கனவிலே வந்தது என்பது அவருடைய உழைப்புக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறோம்.

கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் எப்.ஏ. பரீட்சையில் அவர் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். மறு வருஷம் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

1915-ல் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய நீண்ட கட்டுரையொன்று வெளிவந்தது. அதன் பொருள் சிறுவருக்கும் விளங்கும். 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் கிடையா. இத்தகைய எண்களே மிகுதியாகப் பகுபடுவன. 24, 36, 48, 60 ஆகியவை அடுத்து வருவன. நாளொன்றுக்கு 60 நாழிகை வைத்த நம் முன்னோர், பங்கிட எளிதான எண்ணையே தேர்ந்திருக்கின்றனர்! இவ்வினத்து எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், 2-ன் அடுக்கிலிருந்து தொடங்கி அடுக்குகள் எங்கும் ஏறுவதில்லை. 4, 36 என்ற இரண்டொழிய, கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். இதனை ராமானுஜன் நிறுவினார்.

நிறுவியதோடு அமையாமல், நூற்றுக்கு மேற்பட்ட எண்களைக் கணக்கிட்டு அட்டவணையும் தந்தார். அதன் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு வகுஎண்கள் 10,080. கணக்கிடும் யந்திரம் இன்றிக் கையால் செய்த வேலை இது. இடையில் ஒரே ஓர் எண் விடுபட்டது: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. விந்தை யாதெனில், விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே கிடைக்கிறது. தெய்வம் சொல்லக் கேட்டு எழுதியவருக்கு இத்தகைய விடுபாடு நேருமா? இரவு பகலாக எண்ணிக் களைத்த மனிதனுக்கே நேரும்.

எப்.ஏ. தேறாத அவருக்கு இவ்வாராய்ச்சிக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலை பி.ஏ. பட்டம் அளித்தது. 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். அதற்குள் நோய் பற்றிக்கொண்டது. 1919-ல் தாயகம் திரும்பி, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சில காலம் தங்கினார். உடல் தேறவில்லை. படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி, சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார்.

அக்கட்டுரையும் முழுமையாக வெளிவந்ததன்று. யுத்த காலத்தில் கணித சங்கத்துக்குப் பணமுடை ஏற்பட்டதால் பிற்பகுதி அச்சேறாமல் நின்றது. இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் விளக்கக் குறிப்புகளுடன் அது முறையாக வெளிவந்தது 1997-ஆம் வருஷத்தில்.