கல்லணையிடம் பாடம் கேட்டவர்

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் உள்ளது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வயலை எட்டுமுன் வழியெல்லாம் மண் குடித்துவிடும். வாய்க்கால் கரையில் நண்டு வளையைக் கண்டால் என் தந்தையார் களிமண்ணைப் பிசைந்து, மிதித்து அடைப்பார். பள்ளிக்கூடம் காணாத அவருடைய வேலையில் என்ன விஞ்ஞானம் இருக்கப் போகிறது என்று, கல்லூரிக்கு வந்த புதிதில் எண்ணியவன் நான். அந்த எண்ணத்தை மாற்றியது சர் ஆர்தர் காட்டனின் வரலாறு.

1803-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 1821-இல் 18 வயது இளைஞராகச் சென்னை மாகாணப் பொறியாளர் படையில் பணியாற்ற வந்தார். பின்னர் காவிரிப் பாசனம் அவர் கவனத்திற்கு வந்தது. அந்நாளில் தஞ்சைத் தரணி தவித்துக் கொண்டிருந்தது. திருச்சிக்கு மேற்கே பிரியும் கொள்ளிடத்தின் படுகை ஆழமாகிக் கொண்டே போக, காவிரியோ மணல் மேடிட்டு உயர்ந்தது. வயலுக்கு வரவேண்டிய நீர் கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடிற்று.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டவேண்டும். ஆனால் ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் எவ்வாறு நிற்கும்? அடியில் ஊறிச் செல்லும் நீர் மணலை அரித்துவிட்டால் எத்தகைய கட்டடமும் சரிந்துவிடுமன்றோ?

விடை கல்லணையில் இருந்தது. நம் முன்னோர் கற்களை மணலில் அமிழ்த்தி, இடையே சேற்று மண் இட்டு, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருந்ததைக் காட்டன் கண்டார். மணலின் பெரிய இடுக்குகளில் நீர் எளிதில் இறங்கும். நுண்ணிய துகள்களாலான களிமண்ணோ நீரை எளிதில் விடாது. அந்தப் பாடத்தைக் கொண்டே 1836-இல் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் அவர் எழுப்பத் தொடங்கினார். 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டியபோதும் அதுவே கைகொடுத்தது. இந்த வித்தையை இந்நாட்டவரிடமே கற்றதாக வெளிப்படையாக எழுதிய அப்பெரியார், 1899-இல் தமது 96-ஆம் வயதில் மறைந்தார்.

இன்று கால்வாய்களுக்குச் சிமெண்டுத் தளம் இடுகிறார்கள். கசிவு குறைந்து கடைமடைக்கு நீர் வரும் என்பது உண்மை. கசியும் நீரால்தான் கிணறுகள் ஊறுகின்றன என்று உழவர்கள் கூறுவதும் உண்மையே. இரண்டையும் எடை போடுபவர்கள் காட்டனைப்போல் இவ்வூர் மக்களிடமும் கேட்கவேண்டும்.

சென்ற விடுமுறையில் தந்தையாருடன் வாய்க்காலில் இறங்கினேன். அடைப்பதற்கு எந்த மண்ணை எடுப்பது என்று முதன்முறையாக அவரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே காட்டினார்.