ஹாண்டலின் வலது கை



சென்ற ஒரு வருடத்தில் நம் குடியிருப்பில் இரண்டு மூன்று பேருக்கு லேசான ஸ்ட்ரோக் வந்து, நல்லவேளையாக எல்லோரும் தேறி வருகிறார்கள். பார்க்கப் போனால் பேச்சு கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருகிறது. கை பழையபடி வருமா? சட்டைப் பித்தான் போட, காபி டம்ளரைப் பிடிக்க, செக்கில் கையெழுத்துப் போட, எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான் வேண்டியிருக்கிறது. கையெழுத்து மாறிப்போனவர்கள் வங்கி கவுன்டரில் படும் சங்கடத்தை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். அதனால் இந்த இதழில், கையையே நம்பிப் பிழைத்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கு 52 வயதில் அந்தக் கை போயிற்று.

அவர் பெயர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஹாண்டல். பெயர் பழக்கமில்லை என்றாலும் அவர் இசை உங்கள் காதில் விழுந்திருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவாலயப் பாடகர் குழுக்கள் பாடும் அல்லேலூயா கோரஸ் அவருடையது. உங்கள் பேரப்பிள்ளைகள் ராத்திரி கண் விழித்துப் பார்க்கும் சாம்பியன்ஸ் லீக் கால்பந்துப் போட்டியின் பாட்டு, அவர் 1727இல் இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக எழுதிய இசையைத் தழுவியது.

ஹாண்டல் 1685இல் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் பிறந்தார். அப்பா நாவிதரும் அறுவை சிகிச்சை செய்பவருமாக இருந்தவர். அந்தக் காலத்தில் அங்கே இரண்டும் ஒரே தொழில். பையன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் ஆசை. (நாம் பிள்ளைகளை பி.காம்., இன்ஜினீயரிங் என்று தள்ளியதும் இதே கதைதானே!) பையனோ இசைப் பக்கம் போனான். ஹாம்பர்க், இத்தாலி என்று சுற்றி, 1711இல் லண்டனில் முதல் ஓபராவை மேடையேற்றினார். ஓபரா என்றால் வேஷம் கட்டி, முழுக்கப் பாட்டாகவே நடத்தும் நாடகம். அதுவும் லண்டன்காரர்களுக்குப் புரியாத இத்தாலிய மொழியில்! ஆனாலும் கூட்டம் வந்தது. 1723இல் புரூக் தெருவில் 25ஆம் எண் வீட்டுக்குக் குடிபோனார். சாகும்வரை 36 வருடம் அதே வீட்டில், வாடகைதாரராகவே இருந்தார். சங்கக் கூட்டத்தில் வாடகைதாரர்களைப் பற்றிப் பேசும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1733இல் பிரபுக்கள் சேர்ந்து அவருக்குப் போட்டியாக இன்னொரு ஓபரா கம்பெனி தொடங்கினார்கள். மறுவருடம் இத்தாலியிலிருந்து ஃபாரினெல்லி என்ற பாடகரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரே அவர் பின்னால் ஓடியது. ஹாண்டலிடம் அப்படி ஒரு பாடகர் இல்லை. அதனால் 1735இல் தன் நிகழ்ச்சிகளில் இடைவேளையின்போது தானே ஆர்கன் முன்னால் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். ஆர்கன் என்பது காற்றுக் குழாய்கள் வைத்த பெரிய வாத்தியம். விரல் கொஞ்சம் தடுமாறினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஃபாரினெல்லியின் குரலுக்கு எதிராக ஹாண்டல் வைத்த மூலதனம் தன் பத்து விரல்கள்தான். அதற்காகவே ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள்.

1736-37 பருவத்தில் மட்டும் மூன்று புதிய ஓபராக்களை எழுதினார். ஒத்திகை, பாடகர்களோடு சண்டை, வரவுசெலவுக் கவலை எல்லாம் அவர் தலையில். ஆள் கனத்த உடம்பு, நிறையச் சாப்பிடுவார், மதுவும் உண்டு. 1737 ஏப்ரலில் திடீரென்று வலது கை செயலிழந்தது. நான்கு விரல்கள் அசையவில்லை. சிந்தனையும் தெளிவில்லாமல் இருந்ததாகச் சொல்கிறார்கள். அப்போதைய பத்திரிகை ஒன்று அதை வாத நோய் என்று எழுதியது. மே மாதம் அவருடைய புதிய ஓபரா மேடையேறியபோது அவரால் வாசிக்கக்கூடிய நிலை இல்லை. கோடையில் போட்டிக் கம்பெனியும் நொடித்துப்போனது. ஃபாரினெல்லி ஸ்பெயினுக்குப் போய்விட்டார். எதிரி விலகியபோது இவருக்குக் கை இல்லை.

அது ஸ்ட்ரோக்தானா என்பதில் இன்றைய மருத்துவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. முழுமையாகக் குணமானதை வைத்து, லேசான ஸ்ட்ரோக் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்தக் கால மதுவில் கலந்திருந்த ஈயத்தின் விஷம் நரம்பைத் தாக்கியிருக்கும் என்று வேறு சிலர். எப்படியானாலும் அவர் அனுபவித்தது, நம் வீடுகளில் பார்ப்பதுதான். மூளை சொல்கிறது, விரல் கேட்க மாட்டேன் என்கிறது.

நண்பர்கள் அவரை வெந்நீர் ஊற்றுகளுக்குப் போகச் சொன்னார்கள். மனிதர் லேசில் சம்மதிக்கவில்லை. சிகிச்சைக்குப் போக மறுக்கும் வீட்டுப் பெரியவரைச் சமாளித்த யாருக்கும் இது புரியும். கடைசியில் செப்டம்பரில் ஜெர்மனியில் உள்ள ஆஹன் என்ற ஊருக்குப் போனார். ரோமானியர் காலத்திலிருந்தே பேர்போன கந்தக வெந்நீர் ஊற்றுகள் அங்கே உண்டு. தண்ணீர் 70 டிகிரிக்கு மேல் கொதித்து வரும். போகத்தான் அடம் பிடித்தாரே தவிர, போன பிறகு விடவில்லை. வழக்கமாக மற்றவர்கள் உட்காரும் நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம் அந்த ஆவிக் குளியலில் உட்கார்ந்தாராம். ஆறு வாரத்துக்குள் விரல்கள் திரும்பின. ஒருநாள் குளியல் முடிந்த சில மணி நேரத்தில் அங்குள்ள தேவாலயத்துக்குப் போய் ஆர்கனில் உட்கார்ந்து வாசித்தார். கேட்ட கன்னியாஸ்திரீகள் இது தெய்வ அற்புதம் என்றே நம்பினார்கள். ஹாண்டல் இறந்த மறுவருடம், 1760இல், ஜான் மெயின்வாரிங் எழுதிய முதல் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் வெந்நீர்க் குளியலை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு பிசியோதெரபி. அதில் திரும்பத் திரும்பச் செய்வதுதான் முக்கியம். ஹாண்டலுக்கு இது எதுவும் கிடையாது. ஆனால் தினமும் செய்தே ஆகவேண்டிய விரல் வேலை ஒன்று இருந்தது.

லண்டன் திரும்பிய சில நாட்களிலேயே, நவம்பர் 20ஆம் தேதி, ராணி கரோலின் இறந்துபோனார். சிறுவயதிலிருந்தே ஹாண்டலுக்கு ஆதரவாக இருந்தவர். அவருக்கான அஞ்சலி இசையை எழுதி, டிசம்பர் 17ஆம் தேதி சவ அடக்கத்தின்போது பாட வைத்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் பேனா பிடிக்க முடியாத கை அது. அடுத்த வருடம் இரண்டு ஓபராக்கள். அதே 1738இல் அவருடைய ஆறு ஆர்கன் கச்சேரி இசைகள் அச்சில் வந்தன. 1739 இலையுதிர் காலத்தில் ஒரே மாதத்தில் பன்னிரண்டு வாத்திய இசைத் தொகுப்புகள் எழுதினார்.

1738இல் இன்னொரு காரியமும் நடந்தது. எனக்கு இதுதான் மனதில் நின்றது. கிட்ச் என்ற ஓபோ கலைஞர் வறுமையில் இறந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகள் லண்டன் தெருவில் பால் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனதைச் சக கலைஞர்கள் பார்த்தார்கள். உடனே நலிந்த இசைக் கலைஞர்களுக்காக ஒரு நிதியைத் தொடங்கினார்கள். ஆரம்ப உறுப்பினர்களில் ஹாண்டலும் ஒருவர். கை போனால் இசைக் கலைஞனின் வீட்டில் அடுப்பு எரியாது என்பது முந்தின வருடம்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் உயிலில் அந்த நிதிக்கு 1,000 பவுண்டு எழுதிவைத்தார். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

ஓபராவை மெல்ல விட்டுவிட்டு, வேஷமும் நடிப்பும் இல்லாமல் பைபிள் கதைகளைப் பாட்டாகச் சொல்லும் ஆரட்டோரியோவுக்கு மாறினார். அதில் புகழ் பெற்றது 'மெசாயா'. 1741இல் 24 நாளில் எழுதியது. டப்ளினில் 1742 ஏப்ரல் 13 அன்று முதன்முதலில் பாடப்பட்டது. கூட்டம் கொள்ளாது என்பதால் பெண்கள் விரிந்த வளையப் பாவாடையும் ஆண்கள் வாளும் இல்லாமல் வரவேண்டும் என்று அறிவித்தார்கள். சுமார் 700 பேர் வந்தார்கள். வசூல் முழுவதும் தர்மத்துக்கு. இரண்டு மருத்துவமனைகளுக்குப் போக, கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்த 142 பேர் விடுதலையானார்கள். கடன் வசூல் கடிதம் எழுதியே பாதி சர்வீஸை ஓட்டியவன் என்ற முறையில், இந்த எண்ணிக்கையை நான் இரண்டு முறை படித்தேன்.

1743இல் மறுபடி அதே நோய் தாக்கியது. மறுபடி எழுந்து, அதே வருடம் புதிய இசை எழுதினார். 1751இல் கண் போக ஆரம்பித்தது. அறுவை சிகிச்சைகள் பலிக்கவில்லை. பார்வை முழுக்கப் போன பிறகும் ஆர்கனை விடவில்லை. முதலில் மனப்பாடத்திலிருந்து வாசித்தார். பிறகு நம் ஊர் வித்வான்கள் மனோதர்மத்தில் போவது போல அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார். வாத்தியக் குழு காத்திருந்து, அவர் ஒரு கமகம் போல விரலை உதறி அடையாளம் கொடுத்ததும் சேர்ந்துகொள்ளும். கண்ணில்லாதவருக்கு அந்த விரல்கள்தான் துணை.

1759 ஏப்ரல் 14 அன்று, 74 வயதில், புரூக் தெரு வீட்டிலேயே இறந்தார். அதற்கு எட்டு நாள் முன்புதான் 'மெசாயா' நிகழ்ச்சிக்குப் போய்வந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அடக்கம் செய்தபோது சுமார் 3,000 பேர் கூடினார்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் அவருக்கு 17,500 பவுண்டு முதலீடு இருந்தது. அவருடைய கணக்குப் பதிவுகள் அந்த வங்கியில் இன்றும் பத்திரமாக உள்ளன. (லெட்ஜர்களை நாங்கள் சும்மா கட்டி வைப்பதில்லை என்பதற்கு இது போதும்!)

புரூக் தெரு வீடு இப்போது அருங்காட்சியகம். லண்டனில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம் உறுப்பினர்கள் பாண்ட் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். பக்கத்து 23ஆம் எண் வீட்டில் பிற்காலத்தில் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குடியிருந்தார். இரண்டு வீடுகளையும் சேர்த்தே பார்க்கலாம்.