80,000 கலம் நெல்லுக்கு ஒரு வாக்கு

மன்னரின் ஆணையை மதிக்காத காவிரிப் படுகைக் குடிகள், ஒரு பாதிரியாரின் வாக்கை நம்பித் தம் மாடுகளை அனுப்பினார்கள் என்பது எனக்கு என்றும் வியப்பளிக்கும் செய்தி. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டை பட்டினியில் வாடியது. வெளியே நெல் இருந்தது. சுமந்துவர மாடுகள் இல்லை. முன்பு உழைத்துக் கூலி பெறாதவர்கள் அரண்மனையின் அழைப்புக்கு அசையவில்லை. பணம் கிடைக்கும் எனத் தாமே பொறுப்பேற்றுச் செய்தி அனுப்பினார் சுவார்ட்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது.

பிரஷ்யாவில் 1726-இல் பிறந்த கிறித்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ், 1750-இல் நாகப்பட்டினத்துக்கு வடக்கே, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் கரையிறங்கினார். திருமணம் செய்துகொள்ளாமல், தமிழ் கற்று, இந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1779-இல் சென்னை ஆளுநரின் தூதராக அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென ஹைதர் 300 ரூபாய் அளித்தார். அதைத் தமக்கு உரியதாக அவர் கருதவில்லை. கும்பெனி அதிகாரிகளிடம் ஒப்படைக்க முயன்றார். அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளிக்கு ஒதுக்கினார்.

பணத்தை மறுப்பது துறவிக்கு எளிது என்று சிலர் சொல்லக்கூடும். அதிகாரம் அப்படியன்று. 1787-இல் மரணப் படுக்கையிலிருந்த துளஜா மன்னர், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் விட விரும்பினார். ஏற்றிருந்தால் தஞ்சையின் ஆட்சியே ஏறக்குறைய அவர் கைக்கு வந்திருக்கும். அவர் மறுத்து, மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காப்பாளராகப் பரிந்துரைத்தார்.

அவரது வாழ்வில் என்னை அதிகம் ஈர்ப்பது அடுத்து நடந்ததுதான். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கூறினர். கும்பெனி அமர்சிங்கை அரியணையில் அமர்த்தியது. சுவார்ட்ஸும் அதற்கு இசைந்தார். ஆனால் சிறுவன் அடைத்துவைக்கப்பட்டுக் கல்வியின்றித் துன்புற்றதைக் கண்டபின் அவரால் வாளாவிருக்க இயலவில்லை. தாம் இசைந்த தீர்ப்புக்கு எதிராகத் தாமே மனு எழுதினார். 1793-இல் சரபோஜியைச் சென்னைக்கு அனுப்பப் பாடுபட்டார். பண்டிதர்களின் தீர்ப்பு நேர்மையானதன்று என்பதும் பின்னர் வெளிப்பட்டது.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி மன்னரானார். மறு ஆண்டே ஒப்பந்தம் ஒன்றின் மூலம் நாட்டின் நிர்வாகத்தைக் கும்பெனி எடுத்துக்கொண்டது. ஒரு நல்ல மனிதர் மீதிருந்த மதிப்பு கும்பெனிக்கும் வழியமைத்துத் தந்தது என்ற கசப்பு எனக்கு உண்டு.

தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள தேவாலயத்தில், சரபோஜி வரவழைத்த பளிங்குச் சிற்பம் இன்றும் இருக்கிறது. இறக்கும் தறுவாயிலுள்ள சுவார்ட்ஸின் கட்டிலருகே மன்னர் நிற்கிறார்.