மலைக்கு அப்பால் போன நீரைத் திருப்பியவர்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் வாழ்பவர்கள் நாம். இராசபாளையத்தில் நின்று பார்த்தாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று பார்த்தாலும், மேற்கே நீல நிறத்தில் மலை தெரியும். ஆடி மாதத்தில் அந்த மலையின் உச்சியில் கருமேகம் கூடி நிற்கும். ஆனால் மழை அந்தப் பக்கம் கொட்டும். இந்தப் பக்கம் காற்றுதான் வீசும். கண்மாய் நிறைந்தால் மகிழ்ச்சி, வறண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைச்சல் என்பது நம் தாய்மாரும் பாட்டிமாரும் நன்கு அறிந்த வாழ்க்கை.

நம் இராசபாளையத்திற்குத் தெற்கே உள்ள சிவகிரி மலையில்தான் பெரியாறு பிறக்கிறது. பிறந்த ஆறு நம் பக்கம் திரும்பாமல் வடக்கே காட்டுக்குள் ஓடி, பிறகு மேற்கே கேரளத்தில் நுழைந்து, 244 கிலோமீட்டர் கடந்து அரபிக்கடலில் சேர்கிறது. அந்த நீரில் ஒரு பங்கை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டுவந்தவர் ஒரு பொறியாளர். அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக். அவருடைய வாழ்க்கையை இந்த ஆண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனா நகரில் பிறந்தார். தந்தை ஆங்கிலப் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சில்லியான்வாலா என்னுமிடத்தில் நடந்த போரில் தந்தை உயிர் துறந்தார். அதே நாளில், அதே களத்தில், அண்ணன் அலெக்சாண்டரும் மடிந்தார். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாட்கள் இருந்தன. பிறந்தநாளை எதிர்நோக்கும் வயதில் தந்தையையும் தமையனையும் ஒருசேர இழந்த பிள்ளை அவர் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

தந்தையைப் போரில் பறிகொடுத்த அந்தப் பிள்ளையும் படையில்தான் சேர்ந்தார். ஆனால் அவர் கையில் எடுத்தது அளவுகோலும் வரைபடமும். இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், அடிஸ்கூம்ப் இராணுவப் பள்ளியிலும் பயின்று, 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் இடம் பெற்றார். 1860இல் இந்தியா வந்தார். பின்னர்ச் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் உழைத்துத் தலைமைப் பொறியாளர் பதவிவரை உயர்ந்தார்.

பெரியாற்றைத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே தோன்றியிருந்தது. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்தார். செலவு பெரிது என்பதால் கைவிட நேர்ந்தது. 1808இல் கால்டுவெல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி மலையைப் பார்வையிட்டு, இது வெறுங்கனவு என்று அறிக்கை கொடுத்தார். 1850இல் ஒரு சிறு வேலை தொடங்கிக் காய்ச்சலால் நின்றது. அதன்பின் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். இனியும் காலம் தாழ்த்தக் கூடாது என்பது அப்போதுதான் அரசுக்கு உறைத்தது. 1882இல் திட்டம் தீட்டும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

அவருடைய திட்டத்தை எளிமையாகச் சொல்லலாம். மேற்கே ஓடும் ஆற்றைக் குறுக்கே சுவர் எழுப்பித் தடுக்க வேண்டும். தடுத்தால் நீர் உயர்ந்து ஏரியாகும். ஏரி உயர்ந்து கிழக்கு மலையைத் தொடும் இடத்தில், தேக்கடியில், மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்ட வேண்டும். சுரங்கத்தின் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்துவிடும். சொல்வது எளிது, செய்வது அரிது. அணை கட்டும் இடமோ யானைகள் உலவும் அடர்ந்த காடு. சாலை இல்லை, வீடு இல்லை, மருத்துவமனை இல்லை.

அந்த இடம் திருவிதாங்கூர் மன்னருக்கு உரியது. ஆகவே 1886 அக்டோபர் 29ஆம் நாள் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1887இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும், சுர்க்கி எனப்படும் சுட்ட செங்கல் பொடியும், கருங்கல்லும் கொண்டே சுவர் எழும்பியது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து கம்பிவடத்தின் மூலம் பொருள்களை மலைமேல் ஏற்றினார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகி, அரும்பாடுபட்டுக் கட்டிய தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது. மீண்டும் கட்டினார்கள். மீண்டும் வெள்ளம் வந்தது. மீண்டும் கட்டினார்கள்.

வெள்ளத்தைவிடக் கொடியது மலேரியா. நோய்க்குப் பலியான தொழிலாளர் 483 பேர் என்று கணக்கு உள்ளது. அணையின் அருகிலேயே அவர்களுக்குக் கல்லறைகள் அமைந்தன. பென்னிகுயிக்கின் பெயரைச் சொல்லும்போது அவர்களையும் நினைப்பது நம் கடமை. அவர்கள் பெயர் எந்தப் பேருந்து நிலையத்திலும் எழுதப்படவில்லை. ஆயினும் அந்தச் சுவரின் ஒவ்வொரு கல்லிலும் அவர்களுடைய கை பட்டிருக்கிறது.

1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். எந்த நீர் அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததோ, அது வைகை வழியாக வயல்களுக்கு வந்தது. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அதனால் பயன் பெறுகின்றன.

தோழியரே, பணம் போதாமல் பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தம் வீட்டையும், மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்று ஒரு கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். மேடைகளிலும் அது சொல்லப்படுகிறது. ஆனால் அணை சென்னை அரசின் பணத்தில் கட்டப்பட்டது என்பதே வரலாறு. மக்கள் அன்பினால் புனைந்த மாலை அந்தக் கதை. அதைக் கழற்றி வைத்தாலும் அவர் பெருமை குறையாது. தம் கடமையை எட்டு ஆண்டுகள் காட்டிலும் வெள்ளத்திலும் காய்ச்சலிலும் விடாமல் செய்து முடித்தாரே, அது போதாதா? உண்மையைச் சொல்லிப் போற்றுவதே பெரியோருக்கு நாம் செய்யும் மரியாதை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பென்னிகுயிக் பெரிய குடும்பத்தின் தலைவரும் ஆவார். 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா சேமியர் என்ற பெண்மணியை மணந்தார். அவர்களுக்கு ஐந்து பெண் குழந்தைகள், ஒரே மகன். ஐந்து பெண்களைப் பெற்றவர் என்று சொன்னால் நம் ஊரில் பலர் இரக்கத்தோடு பார்ப்பார்கள். நாங்களோ அதைப் பெருமையோடு எழுதுகிறோம். பெரியாற்று வேலை நடந்த ஆண்டுகள் யாவும் அவர் இல்லறம் தொடங்கிய பிறகு வந்தவையே. காட்டில் கணவர் காய்ச்சலோடும் வெள்ளத்தோடும் போராடிய காலத்தில், குடும்பப் பாரத்தைத் தாங்கிய கிரேஸ் அம்மையாருக்கும் இந்த அணையில் பங்கு உண்டு. மகன் ஜான் பிற்காலத்தில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நீதிபதியாக விளங்கினார்.

1896இல் பென்னிகுயிக் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால் சாய்வு நாற்காலி என்று அவர் எண்ணவில்லை. இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1899வரை இருந்து, இந்தியாவுக்கு வரவிருந்த இளம் பொறியாளர்களை உருவாக்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வழி குறித்து ஆலோசனை கூறினார். 1911 மார்ச் 9ஆம் நாள், எழுபதாவது வயதில், கேம்பர்லி என்ற ஊரில் கண்மூடினார். அருகிலுள்ள பிரிம்லி தூய பேதுரு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்.

நூறாண்டு கடந்தும் அவரை மக்கள் மறக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2022இல் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை எழுந்தது.

அணையைப் பற்றி இரு மாநிலங்களிடையே நெடுநாளாக வழக்கு உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கீழே வாழும் கேரள மக்களின் அச்சமும், இங்கே பயிர் செய்யும் நம் மக்களின் தேவையும் இரண்டுமே மெய். இரு பக்கத்தாரும் அமைதியாக வாழ வழி காண்பதே அந்தப் பொறியாளருக்கு நாம் செலுத்தும் நன்றி.

பெரியாற்று நீர் நம் இராசபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ வருவதில்லை. நம் மலையில் பிறந்த ஆறு நம்மைத் தாண்டிப் போய்ப் பிறர் வயலை நனைக்கிறது. அதற்காக நாம் பொறாமைப்படவில்லை. ஆனால் ஓர் ஆசை உண்டு. நம் பள்ளியில் இன்று கணக்கும் அறிவியலும் பயிலும் மாணவியருள் ஒருத்தி நாளை பொறியாளராகி, நம் கண்மாய்களும் நிறைய வழி காண வேண்டும். எட்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்த ஒரு பிள்ளையால் இத்தனை பேரின் தாகம் தீர்க்க முடிந்தது. பெற்றோரும் அன்னையரும் ஆசிரியைகளும் அரவணைத்து வளர்க்கும் நம்மாலும் முடியும்.

வாழ்க பென்னிகுயிக் புகழ்! வளர்க நீர்வளம்!