வெற்றிக்கிண்ணம் தந்த பழைய மாணவர்

கல்லூரியை விட்டு நீங்குவோர் தம்முடன் கொண்டுசெல்வன பல. சிலர் சான்றிதழைக் கொண்டுசெல்வர். பலர் நட்பைக் கொண்டுசெல்வர். இல்லங்களுக்கிடையே நிகழ்ந்த ஆட்டத்தின் நினைவைக் கொண்டுசென்று, அதனை ஒரு நாட்டுக்கே உரியதாக்கிய பழைய மாணவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம். அவர்தாம் சாள்ஸ் வில்லியம் அல்கொக்.

வட இங்கிலாந்தின் சண்டலாந்து நகரில் 1842ஆம் ஆண்டு பிறந்த அல்கொக், ஹரோ கல்லூரியிற் கல்வி பயின்றார். அங்கே மாணவர் இல்லங்கள் உதைபந்தாட்டத்தில் ஒன்றோடொன்று மோதும். தோற்ற இல்லம் அவ்வளவில் விலகும். வென்ற இல்லம் மேற்செல்லும். இறுதியில் எஞ்சுவது ஒன்றே. 1859இல் கல்லூரியை நீங்கிய அல்கொக், தமையனாருடனும் நண்பருடனும் கூடிப் பொறெஸ்ற் கழகத்தை நிறுவினார். வொண்டறேஸ் கழகம் பின்னர் அதிலிருந்து தோன்றியதே.

1870இல் அவர் உதைபந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசியானார். அன்று கழகங்கள் பல தத்தம் விதிப்படியே ஆடிவந்தன. அவற்றை ஒருவிதிக்குட்படுத்தக் கட்டளை போதாது. அவை விரும்பி வருதற்கு ஏது ஒன்று வேண்டும். 1871 யூலை 20ஆந் தேதி கூடிய கூட்டத்தில், கழகங்கள் யாவும் பங்குபற்றத்தக்க வெற்றிக்கிண்ணப் போட்டியொன்றை அவர் முன்மொழிந்தார். ஹரோவின் இல்லப் போட்டியே அதற்கு முன்மாதிரி.

முதலாண்டிற் பதியப்பட்ட கழகங்கள் 15 மாத்திரமே. கிளாஸ்கோவிலிருந்து வந்த குயின்ஸ் பார்க் கழகம் அரையிறுதியில் வொண்டறேசுடன் சமநிலை கண்டது. மீண்டும் இலண்டன் வந்து ஆடுதற்குப் பணமின்மையால் விலகிக்கொண்டது. அல்கொக்கைத் தலைவராகக் கொண்ட வொண்டறேஸ் இறுதியாட்டத்தை அடையுமுன் வென்ற ஆட்டம் ஒன்றேயென்பதை நாம் மறைத்தல் தகாது. 1872 மார்ச் 16இல், ஓவல் மைதானத்தில், ஏறத்தாழ 2,000 பேர் முன்னிலையில், அக்கழகம் றோயல் எஞ்சினியேஸ் படைவீரரை 1-0 என வென்றது. எதிரணியின் கிறெஸ்வெல் என்பார் தொடக்கத்திலேயே காறையெலும்பு முறிந்தும் களத்தை விட்டகலாது ஆடினார். வென்றாரோடு அவரையும் நினைத்தல் நம் கடன்.

தொடக்கத்தில் இக்கிண்ணம் பெருங்கல்லூரிகளிற் பயின்ற செல்வர்க்கும் படையதிகாரிகட்குமே உரியதாயிருந்தது. 1883இலோ, ஆலைத் தொழிலாளர் பலரைக் கொண்ட பிளாக்பேண் ஒலிம்பிக் கழகம், ஈற்றன் கல்லூரிப் பழைய மாணவரை 2-1 என வென்றது. ஊதியம் பெற்று ஆடுவோரை விலக்கல் வேண்டுமென்று பலர் வாதாடினர். அல்கொக்கோ தம் வகுப்பார் பலரின் கருத்துக்கு மாறாக, அவர்களை வெளிப்படையாக ஏற்றலே நேர்மையென நின்றார். 1885 யூலை 20இல் சங்கம் அதனை ஏற்றது. கிண்ணம் முன்மொழியப்பட்ட நாளிலிருந்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள்! அதன்பின் அவருடைய கல்லூரி போன்றவற்றின் பழைய மாணவர் கழகம் எதுவும் அக்கிண்ணத்தை வென்றதில்லை.

சரே துடுப்பாட்டக் கழகத்திற்கும் 1872 முதல் இறுதிவரை காரியதரிசியாயிருந்த அல்கொக், 1880இல் இங்கிலாந்து மண்ணில் நிகழ்ந்த முதலாவது ரெஸ்ற் ஆட்டத்தை ஓவலில் நடத்துவித்தார். 1907இல் உயிர்நீத்தார்.

தாம் பெற்ற இன்பத்தைத் தம்மவர்க்கென்று பூட்டிவையாது, தம்மவரை வெல்ல வருவோர்க்கும் வாயில் திறந்தவர் அவர். மாணவர்காள்! இல்லப் போட்டியில் தோற்று வாடி நிற்கும்போதும் இதனை நினைமின்கள். அம்மைதானத்தில் நீங்கள் பெறுவது எதுவோ, எவர்க்கோ, யாமறியோம்.