ஆலன் டூரிங்

ஆலன் டூரிங் 1912ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர். அன்னையார் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் பெரும்பாலும் இந்நாட்டில் வாழ, மைந்தர் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தார். கேம்பிரிட்சில் கணிதம் பயின்றார். உலகப் போரில் செருமானியரின் மறைகுறிகளை விடுவிக்கத் துணைநின்றார்.

1945ஆம் ஆண்டு தேசிய இயற்பியல் ஆய்வகத்திற் சேர்ந்து, கணிப்பொறி ஒன்றற்குத் திட்டம் வரைந்தார். ஆங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பெரியதொரு வேலையின் நடுவே பொறி சிறுவேலை ஒன்றனை நாடிச் செல்லின், விட்ட இடத்திற்கு மீள்வது எங்ஙனம்? அச்சிறுவேலையும் வேறொன்றனை நாடினாலோ? மீளவேண்டிய இடத்தைக் குறித்துப் புதைத்து வைக்கவும், வேலை முடிந்ததும் அதனைத் தோண்டி எடுக்கவும் டூரிங் வகை கண்டார். இறுதியிற் புதைத்ததே முதலில் வெளிவரும். நம் இல்லத்து அடுக்குப்பானைகளுள் மேற்பானையை இறக்காமல் கீழ்ப்பானையை எடுக்க இயலுமோ? அடுக்கின் உச்சி எதுவென்பதைத் தனிக் குறிப்பொன்று காட்டி நிற்கும். நாம் எழுதும் நிரலைப் பொறிமொழியாக்கும் தொகுப்பிகள் இன்றும் இவ்வடுக்கையே நம்பியுள்ளன.

ஆனால் பொறியை அமைக்கும் பணி தாழ்ந்துகொண்டே சென்றது. மனஞ்சலித்த டூரிங் 1948ஆம் ஆண்டு மான்செசுடர் சென்றார். அப்பொறியின் சிறுவடிவம் 1950ஆம் ஆண்டிலேதான் இயங்கிற்று. அடுக்குமுறையோ அவர் பெயரால் பரவவில்லை. 1957ஆம் ஆண்டு பௌவர், சாமெல்சன் என்னும் செருமானிய அறிஞர் இருவர் அதனைத் தாமே கண்டு காப்புரிமை வேண்டினர். அதனை அறிய டூரிங் இருந்திலர். 1954ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், தம் 41ஆம் வயதில் மறைந்துவிட்டார்.