புளோரன்ஸ் குரோஃபோர்ட்

புளோரன்ஸ் லூயிஸ் குரோஃபோர்ட் (செப்டம்பர் 1, 1872 - ஜூன் 20, 1936) அமெரிக்க நற்செய்தியாளர். ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரில் அப்போஸ்தல விசுவாச சபை என்னும் பெந்தெகொஸ்தே தூய்மை இயக்கச் சபையை நிறுவியவர். பெரும்பாலான சபைகளில் ஆண்களே தலைமை வகித்த காலத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதனை வழிநடத்தினார்.

வாழ்க்கைச் சுருக்கம்

ஒரிகனின் கூஸ் மாவட்டத்தில், இறைநம்பிக்கையற்ற பெற்றோருக்குப் பிறந்தார். பின்னர் கலிபோர்னியாவில் குடியேறி மணம் புரிந்தார். 1906 இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசுசா தெருவில், கறுப்பின மதகுரு வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதல் கூட்டங்களில் கலந்துகொண்டார். அங்கு தமது நோய்கள் நீங்கியதாகச் சாட்சி கூறினார். பின்பு அவ்வியக்கத்தின் பணியாளராகப் பசிபிக் கரையோர ஊர்களுக்குச் சென்றார். அதே ஆண்டு டிசம்பரில் போர்ட்லாந்தை அடைந்து, முன்பு கொல்லன் பட்டறையாக இருந்த கட்டடத்தில் கூட்டங்களை நடத்தினார்.

பிரிவு

1908 இல் சீமோர் திருமணம் செய்துகொண்டார். குரோஃபோர்ட் அதனை ஏற்கவில்லை என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். அவ்வாண்டில் அசுசா தெரு இயக்கத்தின் இதழ்ப் பணியாளர் கிளாரா லம் போர்ட்லாந்துக்கு வந்தார். இதழும் அதனைப் பெறுவோரின் முகவரிப் பட்டியல்களும் அவருடன் வந்தன. இதனால் சீமோர் தம் தொலைதூர வாசகர்களுடனான தொடர்பை இழந்தார். போர்ட்லாந்து சபையோ அவ்விதழின் வழியாகவே பரவியது.

கோட்பாடுகள்

மீட்பு, பரிசுத்தமாக்கப்படுதல், பரிசுத்த ஆவியின் அபிஷேகம் ஆகிய மூன்றும் தனித்தனி அனுபவங்கள் என்று இச்சபை போதிக்கிறது. அந்நியபாஷை பேசுதல் மூன்றாவதன் அடையாளமாகும். 1910 முதல் பல பெந்தெகொஸ்தே குழுக்கள் இரண்டாவதைத் தனி அனுபவமாகக் கொள்ளும் கருத்தைக் கைவிட்டன, குரோஃபோர்ட் கைவிடவில்லை. முழுக்கு ஞானஸ்நானம், இராப்போஜனம், கால் கழுவுதல் ஆகியன சபையின் நியமங்கள். மது, புகையிலை, நடனம் முதலியவற்றை அவர் கண்டித்தார். மணமுறிவு பெற்றோர், முன்னைய துணை உயிருடன் இருக்கையில், மறுமணம் செய்வதையும் ஏற்கவில்லை. இக்கண்டிப்பும் பிற சபைகளோடு உறவாடாமையும் மனக்கசப்பை விளைவித்தன. 1919 இல் ஒரு பிரிவினர் விலகி யூஜின் நகரில் தனிச்சபை அமைத்தனர்.

அமைப்பு

சபையின் தலைமைப் பொறுப்பு பொது மேற்பார்வையாளரிடம் உள்ளது. ஆராதனையில் காணிக்கைத் தட்டு சுற்றுவதில்லை. விரும்புவோர் வாயிலருகே உள்ள பெட்டியில் இடுவர். அச்சிட்ட தாள்களை இலவசமாக வழங்குதல் முக்கிய பணியாக இருந்தது. துறைமுகக் கப்பல்களுக்குப் படகிலும், 1919 முதல் சிறு விமானத்திலும் இவை கொண்டு செல்லப்பட்டன.

மறைவு

1936 இல் குரோஃபோர்ட் காலமானார். அவருடைய மகன் ரேமண்ட் குரோஃபோர்ட் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1965 இல் இறக்கும் வரை வகித்தார்.